பலகார ஸ்டாலா, மாதச் சந்தாவா?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி எங்கள் ஊர். மாதர் சங்கத்தில் பதினெட்டுப் பேர். உள்ளூர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளோடு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து படிக்க வைக்கிறோம். விண்ணப்பம் எழுதித் தருகிறோம். தேர்வுக்குப் போக வேன் பிடிக்கிறோம். இதற்கெல்லாம் பணம் வேண்டும். ஆறு வருஷமாக நாங்கள் மாற்றி மாற்றிப் பார்த்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. இதே வேலையைத் தொடங்க நினைக்கும் பெண்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டும்விட்டார்கள்.

முதலில் பலகார ஸ்டால். மகளிர் குழு என்றாலே எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை ஒரு நாளைக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். முறுக்கு, அதிரசம், ரவா லாடு, ஓமப்பொடி. காலை பத்து மணிக்குத் திறந்தோம், நாலு மணிக்கெல்லாம் காலி. நோட்டில் வரவு 41,300, செலவு 14,850, மிச்சம் 26,450 ரூபாய். அன்றைக்கு ராத்திரி எங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மறுநாள்தான் கணக்கு உறுத்தியது. செலவு எழுதும்போது ஒருத்தி, "ரெண்டு லிட்டர் கடலெண்ணெய் நான் கொண்டாந்தேன், அதை எழுதாதீங்கக்கா, என் பங்கா இருக்கட்டும்" என்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வெல்லத்தை எழுதவில்லை, இன்னொருத்தி கேஸ் சிலிண்டரை எழுதவில்லை. ஆட்டோ வாடகையை யாருமே சொல்லவில்லை. எல்லாவற்றையும் கூப்பிட்டுக் கேட்டு எழுதிப் பார்த்தேன், ஒன்பதாயிரத்தைத் தொட்டது. ஆக, ஊர் கொடுத்தது பதினேழாயிரத்துச் சொச்சம். மீதி எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து போனது. மூன்று நாள் உழைப்பும் முதுகுவலியும் தனி. அதிரசப் பாகு பதம் தவறி ஒரு படி மாவு வீணானதை நான் சொல்லவே இல்லை.

இதை வைத்து, "பேசாமல் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டுவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம்" என்று பொருளாளர் சொன்னார். கணக்குப்படி அவர் சொல்வது சரி. ஆனால் ரவா லாடு வாங்க வந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர், "இந்தக் காசு எங்கே போவுது?" என்று கேட்டுக்கொண்டே நின்றவர், அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கு வந்துவிட்டார். இன்றைக்குப் பிள்ளைகளோடு உட்காரும் பதினொரு பேரில் ஐந்து பேர் அப்படி ஸ்டாலில் நின்று பேசி வந்தவர்கள்தான்.

உணவு விற்பதில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் ஸ்டாலாக இருந்தாலும், தர்ம காரியமாக இருந்தாலும், உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். இணையத்திலேயே முடித்துவிடலாம். நாங்கள் இரண்டாவது வருஷம்தான் எடுத்தோம். ஸ்டாலோடு சேர்த்து ஒரு குலுக்கல் சீட்டும் விற்கலாம், வெள்ளி விளக்கு பரிசு வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை; பரிசுத் திட்டங்களைத் தடுக்க அதற்கும் முன்பே 1979-இல் ஒரு சட்டம் வந்துவிட்டது. நல்ல காரியம் என்று சொல்லி அதற்குள் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது மாதச் சந்தா. ஆளுக்கு 200 ரூபாய். 52 பேர் பெயர் கொடுத்தார்கள். மாதம் 10,400, வருஷத்துக்கு 1,24,800 என்று கரும்பலகையில் எழுதியே வைத்தோம். கைக்கு வந்தது தொண்ணூறாயிரம் பக்கம். நாலாவது மாதத்தில் தேய ஆரம்பிக்கும். யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் இருக்காது, மறந்துவிடும், அவ்வளவுதான். யூபிஐ ஆட்டோபே போட்டால் தானாக வந்துவிடும். ஆனால் எங்கள் சந்தாதாரர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். "அக்கவுண்டிலேர்ந்து தானா எடுக்குமா, அதெல்லாம் வேணாம்மா" என்று கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். எனவே ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி ஒருவர் ஃபோன் செய்கிறோம். சந்தாவில் உழைப்பு இதுதான். முறுக்குப் பிழிவது கையை வலிக்கச் செய்யும், சந்தா கேட்பது வாயை வலிக்கச் செய்யும். எனக்கு முதல் வலியே பரவாயில்லை என்று தோன்றிய மாதங்கள் உண்டு.

முதல் வருஷம் நாங்கள் செய்த தப்பு, பொருளாளரின் சொந்த கியூஆர் கோடை அச்சடித்துக் கொடுத்தது. "யார் யாரோ எதுக்கு உனக்கு இருநூறு இருநூறா போடுறாங்க?" என்று அவர் மகன் கேட்டபோதுதான் விழித்தோம். ஊரும் அதையே கேட்டிருக்கும், முகத்துக்கு நேரே கேட்காமல் இருந்திருக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு பேர் இருந்தாலே பதிவு செய்துவிடலாம். அதன் பெயரில் வங்கிக் கணக்கு, அந்தக் கணக்குக்கு கியூஆர். பணம் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

வரிச் சலுகை உண்டா என்று கேட்பார்கள். 80ஜி என்று சொல்லும் வருமான வரித் துறைப் பதிவு இருந்தால், எங்களைப் போன்ற சங்கத்துக்குத் தரும் நன்கொடையில் பாதி, கொடுத்தவரின் வரிக்குரிய வருமானத்தில் கழியும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழியாது. புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. சம்பளக்காரர்களில் நிறையப் பேர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். ஆகவே இருநூறு ரூபாய்ச் சந்தாவுக்கு இதைச் சொல்லி ஆள் சேர்க்க முடியாது.

பெரிய கொடையாளர் என்ற மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரு நிறுவனம் மூன்று லட்சம் தருவதாகச் சொன்னது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்க, 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனி விவகார அமைச்சகத்தில் தனிப் பதிவு வேண்டும், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும், மூன்று வருஷ அனுபவம் காட்ட வேண்டும். எங்களிடம் அப்போது பாதிக்குமேல் இல்லை. அவர்கள் கேட்டதும் புத்தகப் பைதான், அதில் அவர்கள் சின்னம், மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கு. பையை அரசே கொடுக்கிறது. பாடநூல், நோட்டு, எட்டாம் வகுப்பு வரை சீருடை, காலணி, பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் எல்லாமே வந்துவிடுகிறது. ஒரு பிள்ளை தோளில் இரண்டு பை எதற்கு? பேச்சு அதோடு நின்றது. பள்ளிக்கு வகுப்பறை, கழிப்பறை, கணினி என்று பெரிதாகச் செய்ய விரும்பும் கொடையாளர் கிடைத்தால் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' பக்கம் அனுப்பிவிடுங்கள். அது அந்த அளவுக்குத் தோதான வழி. எங்களைப் போன்ற சிறு சங்கம் நடுவில் நிற்க வேண்டியதில்லை.

நான்காவது, ஒரு பிள்ளையை ஒருவர் பொறுப்பேற்பது. பணம் என்று மட்டும் பார்த்தால் இதைவிடச் சுலபம் கிடையாது. "இந்தப் பெண்ணின் படிப்புக்கு வருஷம் ஆறாயிரம்" என்று சொன்னால், சந்தா கொடுக்கத் தயங்கியவர் உடனே அனுப்புகிறார். முகம் தெரிந்தால் மனசு இளகும். முதல் மாதத்திலேயே ஏழு பேர் கிடைத்தார்கள். அதில் ஒருவர் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட எங்கள் ஊர் அண்ணன். அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வரும், எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் வாங்கவே கூடாது. இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயில் இருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. நம் கண்ணுக்கு இரண்டு பேரும் வெளிநாட்டுக்காரர்தான், சட்டத்துக்கு அப்படி இல்லை. அந்த அண்ணனிடம் இதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஃபோட்டோ. கொடுத்தவர்கள் பார்க்கக் கேட்டார்கள், நாங்களும் எடுத்தோம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தலையைக் குனிந்தபடி உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். எடுத்து முடித்ததும் என்னிடம் வந்து, "இதை ஸ்கூல் குரூப்ல போடுவீங்களா மிஸ்?" என்றாள். போடவில்லை. ஆனாலும் அடுத்த இரண்டு சனிக்கிழமை அவள் வரவில்லை. எங்களை அக்கா என்று கூப்பிடச் சொல்லித்தான் ஆரம்பித்தோம். ஒரு வருஷமாக அக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அன்றைக்கு மிஸ் ஆக்கிவிட்டாள். அந்த வழியை அதோடு விட்டோம். ஏழு பேரில் மூன்று பேர் சந்தாவுக்கு மாறினார்கள், மற்றவர்கள் போய்விட்டார்கள். கைவிட்டுப் போன பணத்துக்காகச் சங்கத்தில் சண்டையே நடந்தது. எனக்கு இன்னும் வருத்தம் இல்லை.

எந்த வழி மேல் என்று சொல்வதற்கு முன்னால், பணம் எதற்கு என்று பார்க்க வேண்டும். எங்களிடம் அதிகப் பலன் தந்த செலவு மிகச் சின்னது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு, தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. பெற்றோர் வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய், மொத்தம் 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். மனத்திறன் தாளில் எண் தொடர், கடிகாரக் கணக்கு, கண்ணாடி பிம்பம் என்று வரும். பாடப் புத்தகத்தில் இல்லாததால் முதல் தடவை பார்க்கும் பிள்ளை மிரளும். பத்து சனிக்கிழமை பழகினால் மிரட்சி போய்விடும். அதற்கு எங்களுக்கு ஆன செலவு ஜெராக்ஸும் சுண்டலும்.

தேறிய பிறகுதான் உண்மையான வேலை. வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, அப்புறம் ஒவ்வொரு வருஷமும் இணையத்தில் புதுப்பித்தல். தேறிய பையன் ஒருவனுக்குப் பெயரில் ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்து. அவன் அம்மா வயல் வேலைக்குப் போகிறவர், ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. எங்களில் ஒருத்தி அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்கு மூன்று தடவை நடந்தாள். நாங்கள் கையிலிருந்து கொடுத்தது பஸ் காசும் திருத்தக் கட்டணமும்தான், அவனுக்கு வந்து சேர்ந்தது முதல் வருஷத்துப் பன்னிரண்டாயிரம். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம், பையனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வனில் ஆயிரம். இதெல்லாம் அங்கே இருக்கிற பணம். பிள்ளைக்கும் பணத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நான்கு வருஷம் கூட நடக்க வேண்டியிருக்கிறது.

அப்படிப் பார்த்தால் எங்களுக்குச் சந்தாதான் சரிப்படுகிறது. தீபாவளிக்கு மொத்தமாக வரும் 26,000 ரூபாய் பொங்கலுக்குள் எதிலாவது கரைந்துவிடும். கையில் காசு இருந்தால் பரிசுப் பொருள் வாங்கத்தான் தோன்றும். மாதா மாதம் வரும் ஏழாயிரம் எட்டாயிரம், பிள்ளை எட்டாம் வகுப்பில் சேரும்போதே பன்னிரண்டு வரை கூட வருகிறோம் என்று சொல்லும் தைரியத்தைத் தருகிறது. ஸ்டாலை மட்டும் நம்பியிருந்த வருஷத்தில் மழை கொட்டி விற்பனை படுத்தது, ஜனவரியில் வேன் வாடகைக்குக் கைமாற்று வாங்கினோம். ஆனாலும் ஸ்டாலை நிறுத்த நான் சம்மதிக்கவில்லை. சந்தா கொடுப்பவர்கள் சனிக்கிழமை வருவதில்லை. காசு கொடுத்தாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். ஆள் ஸ்டாலில்தான் கிடைக்கிறது.

பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கும் புதுக் குழு என்றால் என் யோசனை வேறு. முதல் வருஷம் யாரிடமும் பணமே கேட்காதீர்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி, பெற்றோர் சம்மதம், பள்ளி வளாகத்திலேயே வகுப்பு, ஒரு அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். இதை ஜூனில் ஆரம்பித்து ஒரு வகுப்போடு நடத்திப் பாருங்கள். எத்தனை பேர் டிசம்பர் வரை வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். சந்தா நோட்டு அதற்கப்புறம் போடலாம்.

எங்கள் சங்கத்தில் போன மாதக் கூட்டத்தில் எடுத்த முடிவு இது. சந்தா 200-இல் மாற்றமில்லை, ஃபோன் செய்யும் வேலை மாதம் ஒருவராகச் சுற்றும். தீபாவளி ஸ்டால் உண்டு, அதிரசம் கிடையாது. எண்ணெய், வெல்லம், கேஸ் யார் கொண்டுவந்தாலும் செலவில் எழுத வேண்டும், வேண்டுமானால் அதே தொகையை அவர் பெயரில் நன்கொடை ரசீது போட்டுக்கொள்ளலாம். இரண்டு லிட்டர் கடலெண்ணெய்க்காரி மட்டும் ரசீது வேண்டாம் என்கிறாள், பேசிக்கொண்டிருக்கிறோம்.