கொழுப்பு மாத்திரைக்கு ரத்தப் பரிசோதனை: வீடு தேடி வரும் பேக்கேஜா, கோத்தகிரி லேபா?

ஆறு வருடமாக இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். ரத்தம் கொடுப்பது எப்போதும் கோத்தகிரிக் கடைவீதியில் உள்ள ஒரு சின்ன லேபில்தான். போன ஐப்பசியில் மட்டும் மகன் கைப்பேசியில் ‘முழு உடல் பேக்கேஜ்’ பதிவு செய்துவிட்டான். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது பழைய லேபுக்கே திரும்பிவிட்டேன்.

வசதியில் பேக்கேஜை அடித்துக்கொள்ள முடியாது. மழையில் குடை பிடித்துக்கொண்டு மேடேற வேண்டாம். எண்பது சொச்சம் பரிசோதனை என்பதால் கணக்குப் பார்த்தால் மலிவும்கூட. ஆனால் இந்த மாத்திரைக்கு எண்பது எதற்கு? தொடங்கிய பிறகும் அளவை மாற்றிய பிறகும் 4 முதல் 12 வாரத்தில் ஒரு கொழுப்புப் பரிசோதனை, அப்புறம் 3 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. சர்க்கரை எல்லையில் நிற்பவர்கள் அதையும் பார்ப்பது நல்லது; ஸ்டாட்டின் எனப்படும் இந்த வகை மாத்திரை அதைச் சற்று ஏற்றும். தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. பரிசோதனை தசைவலி இருந்தால் மட்டும். கல்லீரலுக்குத் தொடங்கும் முன் ஒன்று போதும், பிறகு அறிகுறி தெரிந்தால்தான் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012-லேயே மாற்றிவிட்டது.

என் முடிவைத் தீர்மானித்தது ரத்தம் போகும் வழி. லேபில் எடுத்தால் சற்று நேரத்தில் உறைந்ததும் எந்திரத்தில் சுழற்றிச் சீரத்தை, அதாவது மேலே தெளியும் நீரை, பிரித்துவிடுகிறார்கள். பேக்கேஜ்காரர் காலை ஆறரைக்கு எடுத்த குழாய் இன்னும் நான்கு வீடு ஏறி இறங்கி, வளைவுக்கு வளைவு குலுங்கி மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குப் போனது. அன்று பாதையில் மண் சரிவு வேறு. பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியமும், கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் நொதியான எஸ்.ஜி.ஓ.டி.யும் வெளியே கசியும். எனக்கு எஸ்.ஜி.ஓ.டி. 96, பொட்டாசியம் 6.1. இரண்டும் சிவப்பு எழுத்தில். இன்னொரு கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. மட்டும் சமர்த்தாக 31.

வீட்டில் ஒரே கலவரம். மாத்திரையை நிறுத்து என்றாள் மனைவி. மருத்துவர் ரிப்போர்ட்டின் கடைசி வரியைக் காட்டினார்: மாதிரியில் சிவப்பணு உடைந்திருக்கிறது. “இந்த எஸ்.ஜி.ஓ.டி. அளவு நிஜமாகவே இருந்தாலும் மாத்திரையை நிறுத்த மாட்டேன் ஐயா. உச்ச வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டட்டும், அப்போது யோசிப்போம். பொட்டாசியத்தை மட்டும் இன்றே திரும்பப் பார்த்துவிடுவோம்” என்றார். அன்று மதியமே லேபில் எடுத்தோம்: எஸ்.ஜி.ஓ.டி. 28, பொட்டாசியம் 4.3.

லேபிலும் தவறு வரும். ஒருமுறை தேயிலைக் கவாத்து வெட்டிய மறுநாள் போய் சி.பி.கே. எகிறியது, அது என் தவறு. கடும் உழைப்பே அதை ஏற்றிவிடும்.

பேக்கேஜை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மழையில்லாத மாசியில், மலை இறங்கும் முன்பே சுழற்றிவிடுகிற நிறுவனமாக இருந்தால் கதை வேறாக இருக்கலாம். மஞ்சூரில் என் அக்காவுக்கு முழங்கால் வலி, லேப் வரை போக முடியாது. அவளுக்கு வீட்டுக்கு வருபவர்தான் கதி. ஊசி போடும் முன்பே கேட்டுவிடுகிறாள்: “தம்பி, இதை எங்கே, எத்தனை மணிக்குச் சுழற்றுவீர்கள்?” போன முறை வந்தவர் பதில் தெரியாமல் வாசலில் நின்றே அலுவலகத்துக்குப் போன் செய்தாராம்.