மியூனிக் ஹிட்லர் வாக்கிங் டூர்: பாதிக் கதைக்கு முழு டிக்கெட்

கம்பெனி பேர் வேண்டாம், மரியன்பிளாட்ஸ் சதுக்கத்தில் கலர் குடையோடு நிற்கிறவர்களில் ஒருவர்தான். ஆளுக்கு 30 யூரோவுக்குப் பக்கம், எல்லாம் ஆங்கிலத்தில். நாஜிக் கட்சி பிறந்து வளர்ந்த ஊரைக் காட்டுகிறோம் என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள், ஊரைக் காட்டவும் செய்கிறார்கள், அந்த மட்டில் குறையில்லை.

ஓடியான்ஸ்பிளாட்ஸ் பக்கம் விஸ்கார்டிகாஸே என்ற சந்துக்காகவே போகலாம். 1923 நவம்பர் 9 அன்று ஆட்சியைப் பிடிக்க ஊர்வலமாக வந்த ஹிட்லர் கூட்டத்தைப் போலீஸ் சுட்டுக் கலைத்தது பக்கத்திலிருக்கும் ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே மண்டபத்தருகில். பத்து வருஷத்தில் ஆட்சி கைக்கு வந்ததும், அங்கே செத்த தங்கள் ஆட்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்து, கடந்து போகிற எல்லாரும் கையை நீட்டி சல்யூட் அடித்தே ஆக வேண்டும் என்றாக்கினார்கள். மனசில்லாதவர்கள் இந்தச் சந்தில் புகுந்து சுற்றிப் போய்விடுவார்களாம். இப்போது தரைக்கற்களுக்கு நடுவே வெண்கலக் கற்களைப் பதித்து ஒரு தடம் போட்டிருக்கிறார்கள், அது நெளிந்து நெளிந்து ஓடுகிறது. கைடு காட்டாவிட்டால் அதை மிதித்துக்கொண்டே போயிருப்பேன்.

பிரச்சினையும் அதே கைடுதான். அந்த ஊர்வலத்துக்கு முந்தின ராத்திரி பீர் ஹாலில் ஹிட்லர் கூரையைப் பார்த்துச் சுட்டதை நடித்தே காட்டினார், சிரித்தோம், சரி. அடுத்த நிமிஷம் 1933 ஜனவரி 30, ஹிட்லர் சான்சலர், அதாவது பிரதமர் மாதிரி! நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்டால் "பொருளாதார நெருக்கடி" என்று முடித்துவிட்டார். நெருக்கடி உண்மைதான், 1928 தேர்தலில் 2.6 சதவீதம் வாங்கிய கட்சி, 60 லட்சம் பேர் வேலையில்லாமல் நின்ற 1932இல், ஜூலைத் தேர்தலில் 37 சதவீதத்தைத் தொட்டது. ஆனால் அதே வருஷம் நவம்பரில் 33க்கு இறங்கிவிட்டது, இறங்கிய பிறகுதான் முன்னாள் சான்சலர் ஃபான் பாப்பன் போன்ற பெரிய மனிதர்கள் 'இவனை நம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம்' என்று கணக்குப் போட்டு ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கைச் சம்மதிக்க வைத்தார்கள். அதற்கு முன்னால் 1924 வழக்கு இருக்கிறது. நாலு போலீஸ்காரர்கள் செத்த அந்த 1923 கலகத்துக்கு ஐந்து வருஷத் தண்டனை, அதே 1924 டிசம்பரிலேயே ஆள் வெளியே. அப்போது அவர் ஆஸ்திரியக் குடிமகன், சட்டப்படி நாடு கடத்தியிருக்க வேண்டும், மனசால் ஜெர்மானியர் என்று சொல்லி நீதிமன்றம் விட்டுவிட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டால் ஒரு கிறுக்கன் கத்தினான், ஊரே மயங்கியது என்றுதான் எவருக்கும் தோன்றும். கோட்டுப் போட்டவர்கள் பார்த்துப் பார்த்துக் கதவைத் திறந்துவிட்ட சங்கதி எங்கே?

அது கோனிக்ஸ்பிளாட்ஸ் அருகே இருக்கிறது. நாஜித் தலைமையகமான 'பழுப்பு வீடு' நின்ற இடத்தில் 2015இல் திறந்த வெள்ளைப் பெட்டி மாதிரியான ஆவண மையம். கைடு அதை வெளியிலிருந்தே கைகாட்டிவிட்டு டிப்ஸ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்! நாலாம் மாடிக்கு லிஃப்டில் ஏறி, முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் தொடங்கி, ஒவ்வொரு மாடியாகப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். ஹிட்லரை வீட்டுக்கு அழைத்து நாலு பணக்காரர்களுக்கு அறிமுகம் செய்து வைத்த ப்ரூக்மன் தம்பதி போன்றவர்களை மறக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள். ஜன்னலுக்கு வெளியே செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்த 1938 மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தான கட்டடம் தெரியும், இன்று அது இசைக் கல்லூரி.

டூருக்கு ஐந்துக்கு இரண்டரை. நேரம் கம்மியென்றால் விஸ்கார்டிகாஸேவை மட்டும் சொந்தமாகத் தேடிப் பார்த்துவிட்டு மீதி நேரத்தை மையத்துக்குக் கொடுங்கள், நுழைவு இலவசம், திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும்.