கிரப், ரீஃபைண்ட், சிஸ்டம்டி-பூட்: பல வருஷமா மூணையும் ஓட்டின அனுபவம்

லினக்ஸ் போடுறவங்க பூட்லோடரைப் பத்தி (மெஷின் ஆன் ஆனதும் ஓஎஸ்ஸைக் கிளப்பி விடுற சின்ன புரோகிராம்) பெருசா அலட்டிக்க மாட்டாங்க, இன்ஸ்டாலர் எதைக் குடுக்குதோ அதுவே இருக்கட்டும்னு விட்டுடுவாங்க. வீட்ல உள்ள மெஷின்கள்ல மூணையும் மாத்தி மாத்தி ஓட்டினதுல என் முடிவு இதான்: மெஷின் எழுந்திரிக்காத அன்னிக்கு எது கைகொடுக்குதோ அதான் நல்ல பூட்லோடர்.

சிங்கப்பூர்ல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற சிம் லிம் ஸ்கொயர்ல செகண்ட்ஹேண்டா வாங்கின லேப்டாப் ஒண்ணு இருக்கு, பழைய பயாஸ் (ஆன் பண்ணதும் மெஷினை எழுப்புற பழைய கால முறை) மாடல். அதுல டிஸ்கோட முதல் செக்டர் 512 பைட், பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரிச்சு வச்ச பகுதி) டேபிளுக்கு 64, கடைசி அடையாளத்துக்கு 2 போனா கோடுக்கு மிஞ்சுறது 446 பைட்தான். இவ்ளோ சின்ன இடத்துல கிரப் முழுசா எப்படி உக்காரும், அதனால ஒரு துண்டை அங்க வச்சுட்டு மிச்சத்தை டிஸ்க்ல வேற இடத்துலேர்ந்து எடுக்குது. பார்ட்டிஷனை மாத்தினா அந்த மிச்சம் கிடைக்காம கிரப் ரெஸ்க்யூன்னு கறுப்பு ஸ்கிரீன் வந்து நிக்கும். நிறைய பேர் அப்பவே ஃபார்மேட் பண்ணிடுறாங்க, பண்ணாதீங்க ப்ளீஸ். அந்த ஸ்கிரீன்லயே எல்எஸ்னு கமாண்ட் அடிச்சா பார்ட்டிஷன் எல்லாம் வரிசையா காட்டும், ஒவ்வொண்ணா பார்த்து கிரப் ஃபோல்டர் எதுல இருக்குன்னு கண்டுபிடிச்சு ப்ரிஃபிக்ஸை (கிரப் தன்னோட ஃபைலைத் தேடுற இடம்) அங்க செட் பண்ணிட்டு, இன்ஸ்மாட் நார்மல், அப்புறம் நார்மல்னு அடிங்க, ஃபைலெல்லாம் பத்திரமா இருந்தா மெனு திரும்ப வந்துடும். இதுக்காகவே கிரப் மேல எனக்கு தனி மரியாதை.

பயாஸுக்குப் பதிலா புது மாடல்கள்ல வர்ற யூஇஎஃப்ஐ மெஷின்ல கதை வேற. அங்க ஃபர்ம்வேரே (மதர்போர்டுலயே இருக்குற புரோகிராம்) ஃபேட் வகை பார்ட்டிஷனைப் படிச்சு இஎஃப்ஐ ஃபைலை நேரா ஓட்டிடும். டெஸ்க்டாப்ல சிஸ்டம்டி-பூட் வச்சிருக்கேன், ரொம்ப சுத்தம், ஒவ்வொரு கர்னலுக்கும் (லினக்ஸோட மையப் பகுதி) நாலஞ்சு வரி டெக்ஸ்ட் ஃபைல் அவ்ளோதான், எந்த எடிட்டர்லயும் திருத்தலாம். ஆனா அதுக்கு லினக்ஸ் வழக்கமா ஃபைல் வைக்கிற இஎக்ஸ்டி4 முறையைத் தானா படிக்கத் தெரியாது, கர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (கர்னல் கிளம்புறப்ப முதல்ல தேவைப்படுற ஃபைல்கள்) அந்த இஎஃப்ஐ பார்ட்டிஷன்லயே இருக்கணும் (இல்லேன்னா அதுக்குன்னு தனியா ஒரு பூட் பார்ட்டிஷன் போடணும்). விண்டோஸ் முதல்ல போட்ட மெஷின்ல அந்த பார்ட்டிஷன் பெரும்பாலும் 100 எம்பிதான் இருக்கும், ரெண்டு கர்னல் வச்சாலே மூச்சு முட்டும். புதுசா போடுறவங்க ஆரம்பத்துலயே 1 ஜிபி ஒதுக்கிடுங்க.

அண்ணன் பையன் பாலிடெக்னிக்ல படிக்கிறான், அவனுக்கு விண்டோஸும் வேணும் லினக்ஸும் வேணும். ஒரு நாள் ராத்திரி போன் பண்ணி "சித்தப்பா, மெனுல விண்டோஸையே காணோம்"னான். விண்டோஸ் எங்கயும் போகல, 2021ல வந்த கிரப் 2.06லேர்ந்து மத்த ஓஎஸ்ஸைத் தேடுற ஓஎஸ்-ப்ரோபர் டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கு, செட்டிங்ல ஆன் பண்ணி கான்ஃபிக்கைத் திரும்ப உருவாக்கினா வந்துடும். அவனுக்கு ரீஃபைண்ட் போட்டுக் குடுத்தேன். அது ஒவ்வொரு தடவை ஆன் பண்றப்பவும் தானே தேடி ஐகானா காட்டும், கான்ஃபிக்கைக் கிண்டுற வேலையே இல்ல. டூயல் பூட்டுக்கு நான் சொல்றது எப்பவும் இதான்.

செக்யூர் பூட் (கையெழுத்து சரியா இருக்குற லோடரை மட்டும் ஓட விடுற பாதுகாப்பு) ஆன்ல வச்சிருந்தா, உங்க லினக்ஸ் டிஸ்ட்ரோ கூடவே வர்ற ஷிம்மை (கிரப்புக்கு முன்னாடி ஓடுற, கையெழுத்து போட்ட குட்டி லோடர்) அப்டேட்டா வச்சுக்கோங்க. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் டூயல் பூட் பண்றவங்க பல பேருக்கு பழைய ஷிம்மை ஏத்துக்காம லினக்ஸ் கிளம்பவே இல்ல, பழைய லைவ் யுஎஸ்பிக்கும் (இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓட்டுற யுஎஸ்பி) அதே கதிதான்.

வேகம் கேக்குறவங்களுக்கு: சிஸ்டம்டி-அனலைஸ் ஓட்டுங்க, யூஇஎஃப்ஐ மெஷின்ல ஒவ்வொண்ணுக்கும் எவ்ளோ நேரம் ஆச்சுன்னு ஃபர்ம்வேர், லோடர், கர்னல், யூசர்ஸ்பேஸ்னு (கர்னலுக்கு அப்புறம் கிளம்புற மத்த புரோகிராம்கள்) பிரிச்சுக் காட்டும். என் டெஸ்க்டாப்ல அதிக நேரம் முழுங்குறது ஃபர்ம்வேர்தான், லோடரை மாத்தி மிச்சம் பிடிச்சது சொல்லிக்கிற அளவுக்கு இல்ல. கிரப்ல மெனு டைம்அவுட் (மெனு காத்திருக்குற நேரம்) பெரும்பாலும் 5 செகண்ட் இருக்கும், அதை 1 ஆக்கினாலே போதும்.