நான்கு வருஷமும் அரை நொடியும்

குடியாத்தத்தில் ஒரு நண்பன் இருக்கிறான், கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன். போன வாரம் கேட்டான்: "மச்சான், நீ வெச்சினு இருக்கிற அதே கீபோர்டு செகண்ட்ஸ்ல 28,000-க்கு வருது, வாங்கலாமா?" நான் 2021-ல் இதையே, அதுவும் ஏற்கெனவே ஒருவர் வாசித்துத் தேய்த்ததை, 43,000 கொடுத்து வாங்கியவன். வயிறு எரிந்தது. அதே வாரம்தான் அதைப் பழுது பார்த்து வாங்கி வந்திருந்தேன், அந்த எரிச்சல் வேறு. பதில் அடிக்க ஆரம்பித்து நீண்டுகொண்டே போனதால் மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மாடல் பெயரைப் போடவில்லை. போட்டால் அந்தக் கம்பெனிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் சண்டைக்கு வருவார்கள். 61 கீ, மேலும் கீழும் தள்ளுகிற எட்டு ஸ்லைடர், தோளில் மாட்டிக்கொண்டு ராணிப்பேட்டை பஸ் ஏறலாம். மீதி விவரமெல்லாம் கேட்டவனுக்கே தெரியும்.

முதலில் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். இதில் ஒரு டோனிலிருந்து, அதாவது ஆர்கன், வயலின் மாதிரி ஒரு வாத்தியச் சத்தத்திலிருந்து, இன்னொரு டோனுக்கு மாற்றினால் நடுவில் சத்தம் செத்துப்போகிறது. அழுத்திக்கொண்டிருக்கிற சுரம், அதன் வாலாக ஓடுகிற எக்கோ, எல்லாம் கத்தரித்த மாதிரி நின்று, ஒரு மௌனம், பிறகுதான் புது டோன். காரணம் பெரிய ரகசியம் இல்லை. எக்கோ, ரிவெர்ப் எல்லாம் செய்கிற பகுதி உள்ளே ஒன்றே ஒன்று. புது டோன் வரும்போது பழைய டோனின் எஃபெக்டைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும், அதுவரை வாயைப் பொத்திவிடுகிறார்கள். இப்போது வருகிற சில கீபோர்டுகளில் பழைய டோன் தானாக அடங்கும்வரை அதற்கென்று ஒரு இடத்தை ஒதுக்கி வைக்கிறார்கள். இதில் அது கிடையாது. இரண்டு முறை அப்டேட் வந்தது, ஓடிப்போய்ப் பார்த்தேன். டான்ஸ் தாளங்கள் கூட்டியிருந்தார்கள்.

கம்ப்யூட்டரில் பதிவு செய்து அலையை விரித்து அளந்தே விட்டேன். 0.4 நொடி. இதற்கா இவ்வளவு கத்தல் என்று தோன்றும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடுகிற பாட்டில் 7/8 தாளம், அதாவது ஏழு அரைத் தட்டு கொண்ட சுற்று, வந்தால் ஒரு எண்ணிக்கை கால் நொடிதான். அப்படியானால் ஏழில் ஒன்றரைக்கு மேல் இவனே தின்றுவிடுகிறான். தகிட தகதிமி என்று எண்ணிக்கொண்டு டோன் மாற்றினால் தகிடவில் பாதி காணோம். இரவில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வாசிக்கிற அபூர்வமான நாட்களில், அம்மா கீழேயிருந்து "இன்னாடா, கரண்டு போச்சா?" என்று கேட்பாள். நான்கு வருஷமாகக் கேட்டாள். முதலில் சிரித்தேன்.

மச்சான், உனக்கு இது தெரியாது, ஏனென்றால் மேடையில் உன்னிடம் இரண்டு கீபோர்டு இருக்கும். புல்லாங்குழல் பிட்டு ஒன்றில், வயலின் இன்னொன்றில். நான் கற்றுக்கொள்ளப் புறப்பட்டதோ 1970-களின் ப்ரோக்ரெஸிவ் ராக், சிக்கலான தாளங்கள் கொண்ட ராக் இசை வகை. இடது கையில் ஆர்கன் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது கையில் மூக் என்கிற சிந்தசைசர் பாயும், அது முடிவதற்குள் மெல்லோட்ரான் என்கிற டேப் வாத்தியம் வந்து மூடும். அந்த வகையின் கீபோர்டு கலைஞர்கள் ரிக் வேக்மேன், கீத் எமர்சன் எல்லாம் சுற்றிலும் கீபோர்டுகளை அடுக்கிக்கொண்டு நிற்கிற படங்களைப் பார்த்து, பந்தா என்று நினைத்திருந்தேன். பந்தாவும் உண்டுதான், எமர்சன் ஆர்கனில் கத்தியைக் குத்தியவர். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹாமண்ட் பி-3 என்கிற மின் ஆர்கனுக்கு 61 வீதம் இரண்டு அடுக்கு, 122. மூக் வகையில் மினிமூக்குக்கு 44. மெல்லோட்ரான் எம்400-க்கு 35. கூட்டினால் 201 கீ, ஒவ்வொரு வாத்தியமும் எந்நேரமும் தயார். என்னிடம் 61, அதிலும் ஒருவன் பேசினால் மற்றவன் வாயை மூட வேண்டும்.

2023-ல் காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் நண்பர்களோடு வாசித்தேன். ஆர்கனிலிருந்து லீடுக்கு, அதாவது தனி மெட்டு வாசிக்கிற டோனுக்கு, மாற்றிய அந்த இடத்தில், சவுண்டு பார்க்கிற பையன் "லைன் போச்சு, லைன் போச்சு" என்று கத்திக்கொண்டு மேடைக்கே ஓடி வந்து என் கேபிளைப் பிடுங்கிச் சொருகினான். அந்த டமாருக்கு முதல் வரிசையில் இருந்த குழந்தை அழுதது. பையன்மேல் தப்பே இல்லை, அவன் காது சரியாகத்தான் வேலை செய்தது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இந்தக் கீபோர்டு இல்லாவிட்டால் எனக்கு ஆர்கன் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. நான் சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில் வாசித்துப் பழகியவன், ஆர்கன் என்றால் ஒரு பட்டன் என்று நினைத்திருந்தேன். ஹாமண்டில் ஒன்பது இழுப்பான்கள், ட்ராபார் என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 8 வரை அளவு. முதல் மூன்றையும் முழுக்க இழுத்து மற்றதை விட்டால் 888000000, அதுதான் பாதி உலகத்துக்குத் தெரிந்த அந்தச் சத்தம். இதில் ஸ்லைடரே எட்டுதான், ஒன்பதாவதைக் கொண்டுபோய் ஒரு குமிழில் வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் திட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, அசல் ஹாமண்டில் பெர்கஷன், அதாவது சுரத்தின் தொடக்கத்தில் ஒரு தட்டல் சேர்க்கிற வசதி, போட்டால் அந்த ஒன்பதாவது இழுப்பான் எப்படியும் ஊமை. அந்தத் தொடர்பைத்தான் பெர்கஷன் எடுத்துக்கொள்கிறது. அந்த டொக் என்கிற தட்டலும் எல்லா விரலையும் எடுத்துவிட்டு மறுபடி வைத்தால்தான் வரும், ஒன்றையாவது அழுத்தியபடியே ஓடினால் வராது. இதை அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள், மெச்ச வேண்டும். ஆர்கன் சத்தத்தைச் சுழற்றி விடுகிற லெஸ்லி ஸ்பீக்கரின் நகல்தான் சுமார். அசலில் மேலே சுழல்கிற கொம்பு சட்டென்று வேகம் பிடிக்கும், கீழே இருக்கிற கனமான உருளை மெதுவாகத்தான் எழுந்து வரும், அந்த இடைப்பட்ட சில நொடிகள்தான் மயிர்க்கூச்செறிகிற இடம். இதில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்து ஒரே நேரத்தில் நிற்கின்றன, மிக்ஸி மாதிரி.

ஆர்கனில் நான் கற்ற முதல் பாடம், கீயை ஓங்கி அடித்தாலும் ஒன்று, தடவினாலும் ஒன்று. மெல்லோட்ரானும் அப்படியே. அதில் ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு டேப் துண்டு, வயலினோ குழலோ பாடகர் குழுவோ பதிந்தது, எட்டு நொடி ஓடித் தீர்ந்துவிடும், கையை எடுத்தால் ஸ்பிரிங் பின்னுக்கு இழுத்துவிடும். அதனால் நீளமாக ஒரு கார்டைப் பிடிக்கவே முடியாது, விரல்களை ஒவ்வொன்றாக மாற்றி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நான் இதில் சாதாரண ஸ்ட்ரிங்ஸ் டோனை எடுத்து, அழுத்தத்துக்கு ஏற்ற சத்தத்தை அணைத்து, மேல் அலைவரிசைகளைக் கொஞ்சம் அறுத்து, சுருதியில் மிக லேசாக ஒரு தள்ளாட்டம் கொடுத்தேன். பாதி வந்தது. எட்டு நொடிக்குமேல் பிடிக்கக்கூடாது என்று எனக்கே கட்டுப்பாடு போட்டுக்கொண்ட பிறகு மீதியும் வந்தது.

ஆனால் இந்தக் கீபோர்டின்மேல் எனக்கு நிஜமாகவே காதல் வந்த இடம் வேறு. மூக் லீடு செய்யத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர்: ரம்பப் பல் வடிவ ஒலியலை இரண்டு, ஒன்றின் சுருதியை மயிரிழை பிசக்கி வைக்க வேண்டும், மூன்றாவதை ஒரு ஸ்தாயி கீழே, மேல் அலைவரிசைகளை அறுக்கிற ஃபில்டரை மூடி முனையை மழுக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் செய்தேன். சத்தம் சரி, வாசிப்பு மட்டும் பொய்யாகவே இருந்தது. ஏழெட்டு மாதம் விரலைத்தான் குறை சொன்னேன். பிறகு மெனுவில் மூன்றாவது பக்கத்துக் கடைசியில் ஒரு வரி, கீழ்ச் சுரத்துக்கு முன்னுரிமை. மினிமூக் ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் தரும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு கீ அழுத்தினால் எது பேசும் என்றால், கீழே இருப்பது. இன்றைக்கு வரும் கீபோர்டுகள் பலவும் கடைசியாக அழுத்தியதைப் பேச விடுகின்றன. வித்தியாசம் ஆரோகணத்தில் தெரியும். பழைய விரலை எடுக்கக் கொஞ்சம் சோம்பினாலும் மேல் சுரம் வரவே வராது, காத்திருக்கும். அவரோகணத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதோடு, எல்லா விரலும் எழுந்தால்தான் சுரத்தின் தொடக்க அடி மறுபடி விழும், ஒட்டிக்கொண்டு போனால் ஒரே மூச்சாக வழுக்கிக்கொண்டு போகும். இந்த இரண்டையும் போட்டுவிட்டு வாசித்தால் முதல் நாள் என் கை திக்குவாய் மாதிரி இருந்தது. இரண்டு மாதத்தில் அந்த வாக்கியங்கள் ஏன் அப்படி வளைந்தன என்று விரலுக்கே புரிந்தது. லக்கி மேன் பாட்டின் கடைசியில், 1970-ல், எமர்சன் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போவாரே, நம்ம கர்நாடக இசைக் காதுக்கு அது ஜாருதான். அதை இதில் இழுத்த ராத்திரி தூங்கவில்லை. ஃபில்டர் குமிழை மெதுவாகத் திருப்பினால் 0 முதல் 127 வரை படிப்படியாக ஏறுவது காதில் கேட்கும், அதையும் அன்றைக்கு மன்னித்தேன்.

அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது. 1970-ம் வருஷத்து வாத்தியத்தில் எந்தச் சுரத்துக்கு முன்னுரிமை என்பதுவரை யோசித்த ஆள் அந்தக் கம்பெனிக்குள் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த 0.4 நொடியை விட்டிருக்க மாட்டாரே.

பழுது கதைக்கு வருகிறேன். என் அறை சத்துவாச்சாரியில் மொட்டைமாடி ஓரத்தில். மே மாதத்தில் அங்கே மனிதனே இருக்க முடியாது, கீபோர்டு இருந்தது. ஆறு உண்டு, தண்ணீர் இல்லை என்று வேலூரைச் சொல்வார்களே, அந்தப் புழுதி முழுக்க ஜன்னல் வழியாக இதற்குள்தான் போயிருக்கிறது. ஒவ்வொரு கீக்கும் அடியில் ரப்பரில் இரண்டு தொடர்புப் புள்ளிகள், ஒன்று முதலில் தொடும், மற்றது சற்றுப் பின்னால். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பதை வைத்துத்தான் எவ்வளவு வேகமாக அடித்தோம் என்று கணக்குப் பார்க்கிறது. நடுவில் தூசி விழுந்தால் கணக்குத் தப்பி, பூப்போல் தொட்டாலும் அறை விழுந்த மாதிரி சத்தம் வரும். வேடிக்கை என்னவென்றால் எனக்கு இது மாதக்கணக்கில் தெரியவே இல்லை. ஆர்கனிலும் மெல்லோட்ரானிலும் அழுத்தக் கணக்கு அணைத்தாயிற்றே! ஜெனிசிஸ் குழுவின் ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த், 1973-ல் வந்தது, அதன் பியானோ தொடக்கத்தை எடுத்தபோதுதான் நடுவில் ஒரு கீ மட்டும் குரைப்பது தெரிந்தது.

அந்தத் தொடக்கத்தில் 13/16, 15/16 தாளச் சுற்றுகள் எல்லாம் வரும், இடையில் 2/4. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணித் தோற்றுக்கொண்டிருந்தபோது ஆற்காட்டிலிருந்து வந்திருந்த மாமா, பஜனையில் மிருதங்கம் வாசிப்பவர், கட்டிலில் படுத்தபடியே தகதிமி தகதிமி தகதகிட, பதிமூணு, அவ்ளோதானே என்று தொடையில் தட்டிக் காட்டினார். பதினைந்துக்கு இன்னொரு தகவை நீயே போட்டுக்கோ என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். அசலில் அப்படித்தான் பிரிகிறதா என்பது வேறு விஷயம், எனக்கு அதுதான் நின்றது.

சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், கீ வரிசை முழுவதையும் மாற்ற வேண்டும், 14,500 ரூபாய், ஆறு வாரம் என்றார்கள். வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் கச்சேரிக்காரர்களின் ஆம்ப்ளிஃபையர், மிக்ஸர் எல்லாம் பார்க்கிற அண்ணன் ஒருவர். பிரித்து, ரப்பர் பட்டைகளை உரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடைகிற பஞ்சை நனைத்து ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தார். இரண்டு மணி நேரம், 700 ரூபாய். மிஞ்சிய இரண்டு திருகாணிகளைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார், எங்கே போட்டது என்று அவருக்கும் தெரியவில்லை. குரைத்த கீ அடங்கிவிட்டது. கிளம்பும்போது ஆசையாக டோன் மாற்றி அந்த இடைவெளியைக் காட்டி, இதற்கு ஏதாவது வழி உண்டா அண்ணா என்றேன். "அது உள்ள எழுதி வெச்சது தம்பி, நான் ஸ்க்ரூ ஆளு" என்றார்.

இப்போது சமாளிக்கிற விதம் இதுதான். டோன் மாற்றுவதே இல்லை. கீழே மூன்று ஸ்தாயி ஆர்கன், மேலே இரண்டு ஸ்தாயி லீடு என்று ஒரே செட்டில் பிரித்து, மெல்லோட்ரானை ஆர்கன்மேலேயே அடுக்கி, அதன் ஸ்லைடரை இறக்கி வைத்திருக்கிறேன், தேவைப்படும்போது ஏற்றுகிறேன். எக்கோ மூன்றுக்கும் பொது, அதனால் ஒன்றுக்குப் பொருந்தினால் மற்றதற்குக் கொஞ்சம் வழிகிறது. லீடில் இரண்டு ஸ்தாயிக்குமேல் ஏற முடியாததால் சில வாக்கியங்களை நடுவில் மடக்கி வாசிக்கிறேன். தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அம்மா கேட்பது நின்றிருக்கிறது.

ஆகவே, மச்சான், வாங்காதே. ஆர்கன் அருமை, மூக் அதைவிட அருமை, இந்த விலைக்கு வேறு எதுவும் இவ்வளவு கற்றுக்கொடுக்காது, ஆனாலும் வாங்காதே. கேட்க மாட்டாய், தெரியும். வாங்கப் போனால் ஆர்கன் டோனை வைத்து அவர் காட்டுவதை நம்பாதே, பியானோ வைத்து 61 கீயையும் மெதுவாக ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார். 28 என்றால் 23-ல் ஆரம்பி. அப்புறம் ஒரு சுரத்தைப் பிடித்தபடி டோனை மாற்றிக் காட்டி, இன்னாங்க இது, நடுவுல நின்னு போகுது என்று கேள். அவருக்குப் பதில் தெரியாது, இரண்டாயிரமாவது குறைப்பார். என் 0.4 நொடியால் உனக்காவது லாபம் வரட்டும்.