புண்பட்ட குடலுக்கு எந்த நார்: இசப்கோலா, இன்யூலினா, வாழைக்காயா?

குடல் அழற்சி உள்ளவர்களிடம் ஆளாளுக்கு “நார்ச்சத்து நிறையச் சேர்த்துக்குங்க” என்கிறார்கள். எந்த நார் என்று யாரும் சொல்வதில்லை. நமக்குச் செரிக்காத நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். ஆனால் எல்லா நாரும் ஒரே மாதிரி நொதிப்பதில்லை.

இன்யூலின் என்ற நார் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. டப்பாவில் வரும் பொடி பெரும்பாலும் சிக்கரி வேரிலிருந்து எடுப்பது. ப்ரீபயாடிக் (நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனி) என்றதும் கடைக்காரர் முதலில் நீட்டுவது இதைத்தான். நல்ல குடலில் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியாவை வளர்க்கும், உண்மை. அழற்சி உள்ள குடலில் கதை வேறு. 2011-இல் பிரிட்டனில் குரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ள 103 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இதே இனத்து நாரை நாளுக்கு 15 கிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்தார்கள். ஒப்பிடுவதற்காக மற்றவர்களுக்குக் கொடுத்த வெற்றுப் பொடியைவிடக் கூடுதல் பலன் இல்லை. பாதியில் விலகியவர்கள்தான் நார் எடுத்த குழுவில் அதிகம். 2023-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வு இன்னும் கவலை தந்தது: சில நோயாளிகளில், பாக்டீரியா நொதிக்கவைக்காமல் விட்ட நாரே அழற்சியைத் தூண்டியது.

இசப்கோல் தண்ணீரை உறிஞ்சிக் கூழாகும், மெதுவாகவே நொதிக்கும், அதனால் வாயுத் தொல்லை குறைவு. இளகிய மலத்தை இறுக்கும், இறுகியதை இளக்கும். 1999-இல் ஸ்பெயினில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண் உண்டாக்கும் அழற்சி நோய்) அடங்கியிருந்த 105 பேரை ஓராண்டு கவனித்தார்கள். நோய் திரும்பியது இசப்கோல் விதை உண்டவர்களில் 40 சதவீதம், இந்நோய்க்கு வழக்கமாகத் தரும் மெசலமைன் மாத்திரை எடுத்தவர்களில் 35, இரண்டும் எடுத்தவர்களில் 30. சிறிய ஆய்வு, அதில் கொடுத்தது விதை, நாம் வாங்குவது உமி. இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வாழைக்காயிலும் ஆறிய சோற்றிலும் இருப்பது சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து. இதற்கு வேலூர் சி.எம்.சி. ஆய்வு ஒன்று உண்டு: 2000-இல் காலரா நோயாளிகளின் உப்பு-சர்க்கரைக் கரைசலில் இவ்வகைச் சோள மாவைக் கலந்தபோது பேதி சீக்கிரம் நின்றது. கொலைட்டிஸுக்கு அவ்வளவு வலுவான சான்று இல்லை. உணவாகச் சாப்பிடலாம், மருந்தாக நம்ப வேண்டாம்.

நோய் அடங்கியிருக்கும்போது என் தேர்வு இசப்கோல். அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும். ஸ்கேனில் குடல் குறுகியிருப்பதாக வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பொடிகள் எதையும் தொடவே கூடாது.