குழாய் மூணு, பூ ஒண்ணு: எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கலாமா?

சின்னப் பொருளை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸின் விலையைப் பார்த்து மலைத்துப்போய், ஆன்லைனில் 2,300 ரூபாய்க்கு எக்ஸ்டென்ஷன் டியூப் செட் வாங்கி ஆறு மாதமாகிறது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்ட 12, 20, 36 மி.மீ. என்று மூன்று வளையம். உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் காற்றுதான். லென்ஸ் சென்சாரை விட்டுத் தள்ளிப்போவதால் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும், தூரத்தில் ஆகாது.

முதல் நாள் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடற்கரையில், மணலில் படரும் அடும்பங்கொடி முன்னால் உட்கார்ந்து, மூன்றையும் 50 மி.மீ. லென்ஸில் மாட்டினேன். பூவைக் காணோம், மகரந்தம் மட்டும் தெரிகிறது. லென்ஸ் முனை இதழில் இடிக்கிற தூரம், என் நிழலே பூ மேல் விழுகிறது, போதாததற்கு இரண்டு ஸ்டாப்புக்கு மேல், அதாவது முக்கால்வாசிக்கு மேல் வெளிச்சம் காலி. காரங்காட்டில் அலையாத்தி இலையில் பூத்திருந்த உப்புப் பொடியை எடுக்க மட்டும் இந்தக் கூட்டணி சரியாக இருந்தது, ஒவ்வொரு பரலும் கற்கண்டு மாதிரி.

அடும்பம்பூ உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, அதற்கு இவ்வளவு நெருக்கம் வேண்டாம். 36 வளையத்தை மட்டும் 55-250 மி.மீ. ஜூம் லென்ஸில் போட்டு 200 மி.மீ.க்கு மேல் வைத்தேன். அங்கேதான் விஷயம் இருக்கிறது. 50 மி.மீ. பின்னால் கிடக்கிற நைலான் வலைத்துண்டு, பாட்டில் மூடி எல்லாவற்றையும் இழுத்து வந்துவிடும், நீள லென்ஸ் ஒரு குறுகிய கீற்றை மட்டும்தான் பார்க்கும், நாம் ஒரு சாண் நகர்ந்தாலே பின்னணி மாறிவிடும். நின்றபடி எடுத்தால் கண்ணைக் கூசும் வெள்ளை மணல். குப்புறப் படுத்தால் பின்னால் கடல், ஆனால் தொடுவானக் கோடு பூவின் கழுத்தை அறுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்தது, நாலடி தள்ளிக் கரையேற்றியிருந்த நீல நாட்டுப்படகு. லென்ஸ் துளையை எஃப் 5.6 என்று அகலமாகத் திறந்ததும் அது வெறும் நீலமாகக் கரைந்து, ஊதாப்பூ தனியாக எழுந்து நின்றது. எஃப் 11 என்று சுருக்கியதும் படகின் நம்பரே தெரிய ஆரம்பித்துவிட்டது.

படுத்துக் கிடந்ததைப் பார்த்த பெரியவர் ஒருவர், "என்ன அப்பு, எதையும் தொலைச்சிட்டியா?" என்று அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

காற்று இன்னொரு தலைவலி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், மதியத்துக்குப் பூவும் வாடிவிடும்.

குறை என்றால் மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வாய், பிளாஸ்டிக், ஜூம் மாட்டினால் லேசாக ஆடுகிறது. ஐந்துக்கு மூன்றரை. இன்னும் கொஞ்சம் போட்டு உலோக மவுண்ட் வாங்குங்கள், அப்புறம் கரையில் நின்று வளையம் மாற்றாதீர்கள், என் 20 மி.மீ. வளையத்தைத் திருகும்போது இன்னமும் மணல் நறநறக்கிறது.