அந்தமானா, மாலத்தீவா, லட்சத்தீவா? வேலூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

கடல் பார்க்க வேண்டுமென்றால் நம் வேலூர்க்காரர்களுக்கு மெரினாவும் மாமல்லபுரமும்தான். தீவுக்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் அடிபடுகிற பெயர்கள் மூன்று: அந்தமான், மாலத்தீவு, லட்சத்தீவு. பொங்கல் முடிந்த கையோடு அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாங்கள் அந்தமான் போய் வந்தோம். கேட்பவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

வெள்ளை மணல், கண்ணாடித் தண்ணீர், பவளப்பாறை எல்லாம் மூன்று இடத்திலும் உண்டு. விமான டிக்கெட் விலையை மட்டும் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள். விமானத்தை விட்டு இறங்கியபின் வருகிற படகுப் பயணம்தான் செலவையும் அலைச்சலையும் கூட்டும், குறைக்கும்.

மாலத்தீவுக்கு பாஸ்போர்ட் வேண்டும். இந்தியர்களுக்கு இறங்கியதும் விசா இலவசம். ஆனால் ரிசார்ட் வாடகை வேறு, அங்கே கொண்டுபோய் விடும் ஸ்பீட்போட் அல்லது கடல் விமானக் கட்டணம் வேறு. நாலு பேருக்குக் கணக்குப் போட்டால் அதுவே தலைசுற்றும். கடல் விமானம் பகலில்தான் பறக்கும். பொழுது சாய்ந்தபின் இறங்கினால் அன்றிரவு தலைநகர் மாலே பக்கமே தங்க வேண்டும். மாஃபுஷி போல மக்கள் வாழும் தீவில் விடுதி எடுத்தால் செலவு குறையும். புதுமணத் தம்பதிகள் தனிமை வேண்டிப் போனால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

அந்தமானில் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்), ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு இந்தியர்கள் பெர்மிட் எடுக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து ஹேவ்லாக்குக்கு அரசுப் படகும் உண்டு, தனியார் ஏசி படகும் உண்டு. தனியார் படகில் இரண்டு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். அம்மாவுக்குக் கிளம்புமுன் வாந்தி மாத்திரை கொடுத்து, ஆட்டம் குறைவாக இருக்கும் நடுப்பகுதியில் இடம் கேட்டு வாங்கினோம். அலை தூக்கிப்போட்டபோதும் சிரமப்படவில்லை. போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் அம்மா தமிழிலேயே விலை பேசி முந்திரி வாங்கினார். மொழி தெரியாத ஊரில் பெரியவர்கள் அறைக்குள் முடங்கிவிடுவார்கள். இங்கே அந்தக் கவலை இல்லை. செல்லுலார் சிறையை நின்று பார்க்கவே அரை நாள் வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். நம் பக்கம் வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்குக் கடற்கரைக்குப் போவோம். அங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு மூன்று மணிக்கெல்லாம் போய்விடுங்கள். நீல் தீவின் இயற்கைப் பாறைப் பாலத்துக்குக் கடல் உள்வாங்கும் நேரம் கேட்டுப் போக வேண்டும்.

லட்சத்தீவுக்கு நான் போனதில்லை. போய் வந்த உறவினர் சொன்னதை வைத்தே சொல்கிறேன். அமைதி அங்கேதான் அதிகம் என்கிறார். 36 தீவுகளில் பத்தில்தான் மக்கள் வாழ்கிறார்கள். ஆனால் முன்கூட்டியே பெர்மிட் வாங்க வேண்டும். காட்பாடியில் ரயிலேறி எர்ணாகுளம், அங்கிருந்து கொச்சித் துறைமுகம், பிறகு தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம் வரை கப்பல். அங்குள்ள அகத்தி தீவுக்கு விமானம் உண்டு, ஓடுபாதை சின்னது என்பதால் சிறிய விமானம்தான். நண்பர்களாகப் போகிறவர்களுக்கு அது சரிவரும். வயதானவர்களோடு என்றால் யோசிக்க வேண்டும்.

அந்தமானிலும் காற்று பலமானால் படகை நிறுத்திவிடுவார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அப்போதும் ஊர் திரும்புவதற்கு முந்தின இரவு ஹேவ்லாக், நீல் தீவுகளில் தங்காமல் போர்ட் பிளேருக்கு வந்துவிடுங்கள். படகு ரத்தானாலும் விமானம் தப்பாது.